வினாவே காவல்

நுழையும் முன்

வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கேட்டு வளரும் நமக்கு, ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வது எவ்வளவு எளிது என்பது நன்கு தெரியும். வகுப்பறையிலோ கடைத்தெருவிலோ அத்தகைய பிழை சிரிப்பில் முடிந்துவிடும். மருத்துவமனையில் அது சிரிப்பில் முடியாமலும் போகலாம். அறுவை சிகிச்சையில் நேரக்கூடிய பிழைகள் எவ்வாறு தடுக்கப்படுகின்றன என்பதையும், அதில் நம் பங்கு யாது என்பதையும் இப்பாடத்தில் அறிவோம்.

ஒரு சொல், இரு பொருள்

மதுரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அறுவை சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வந்துள்ள பாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். மறுநாள் காலையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. முன்னாள் இரவில் செவிலியர் வந்து, “அம்மே, நாளெ ராவிலெ வெள்ளம் குடிக்கருது” என்று மலையாளத்தில் அன்போடு சொல்லிச் செல்கிறார்.

மலையாளத்தில் ‘ராவிலெ’ என்றால் காலையில் என்பது பொருள். பாட்டியின் ஊர்ப்பேச்சில் ‘ராவிலே’ என்றால் இரவில் என்பது பொருள். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்பது குடிநீரைக் குறிக்கும்; பாட்டிக்கோ அது ஆற்றில் பெருக்கெடுத்து வரும் நீர். ஆகவே, “நாளை இரவுதான் ஏதோ குடிக்கக் கூடாதாம்” என்று அவர் எண்ணிக்கொள்ளக்கூடும். விடியற்காலையில் வழக்கம்போல் ஒரு குவளை காப்பி அருந்தவும் கூடும்.

இதனால் என்ன தீங்கு? மயக்க மருந்து கொடுக்கப்பட்டவுடன், மூச்சுக்குழாயைக் காக்கும் இருமலும் விழுங்கும் ஆற்றலும் அடங்கிவிடுகின்றன. அப்பொழுது வயிற்றில் உள்ளவை மேலேறி நுரையீரலுக்குள் புகுந்துவிடலாம். அது உயிருக்கே ஊறு விளைவிக்கும். அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு முன் குறித்த நேரம் வரை ஒன்றும் உண்ணாமலும் குடியாமலும் இருக்கச் சொல்கிறார்கள்.

இங்குத் தவறு செய்தவர் யார்? செவிலியர் சரியாகவே சொன்னார். பாட்டியும் தமக்குத் தெரிந்தவாறு சரியாகவே கேட்டார். பிழை அவ்விருவருக்கும் நடுவில் பிறந்தது. மறுநாள் காலையில் மயக்கவியல் மருத்துவர், “காலையில் ஏதேனும் குடித்தீர்களா?” என்று பாட்டிக்கு விளங்குமாறு கேட்டால், அப்பிழை அவ்விடத்திலேயே வெளிப்பட்டுவிடும். அறுவை சிகிச்சை தள்ளி வைக்கப்படும், பாட்டி பிழைத்துக்கொள்வார். ஒரு சிறு வினா பெருந்தீங்கைத் தடுத்துவிடும்.

தவறே செய்யாத மனிதர் எவரும் இலர். எனவே, ‘தவறு செய்யாதே’ என்று அறிவுரை கூறுவது மட்டும் போதாது. தவறு நோயாளியின் உடலைச் சென்றடையும் முன்னரே அதனைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். பாதுகாப்பான அறுவை மருத்துவத்தின் அடிப்படை இதுவே.

ஆய்வகத்தில் தோற்ற வால்வுகள்

இக்கருத்துக்குச் சான்று நம் நகரிலேயே உள்ளது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் அமைந்துள்ளது. திருவிதாங்கூரின் கடைசி மன்னரின் பெயரைத் தாங்கிய இந்நிறுவனம், 1980ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. மருத்துவக் கருவிகளை உருவாக்கும் இதன் பிரிவு, பூஜப்புரையில் உள்ள பழைய அரண்மனை ஒன்றில் இயங்கி வருகிறது.

நம் இதயத்தில் குருதியை ஒரே திசையில் செலுத்தும் நான்கு வால்வுகள் உள்ளன. தொண்டை அழற்சியைத் தொடர்ந்து சில சிறார்க்கு வரும் ஒருவகை வாதக் காய்ச்சல் இந்த வால்வுகளைப் பழுதாக்கிவிடும். பழுதான வால்வை அகற்றிச் செயற்கை வால்வைப் பொருத்த வேண்டும். அக்காலத்தில் செயற்கை வால்வுகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. ஏழை மக்களால் அவற்றின் விலையைத் தாங்க இயலவில்லை. எனவே, இந்நிறுவனத்தின் முதல் இயக்குநரும் இதய அறுவை மருத்துவருமான எம். எஸ். வலியத்தான், பொறியாளர்களுடன் இணைந்து வால்வு ஒன்றை இங்கேயே உருவாக்க முனைந்தார்.

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் முறை. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு ஒருமுறை திறந்து மூட வேண்டும். அதனால், ‘பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி எந்த வால்வையும் நோயாளிக்குப் பொருத்திவிட முடியாது. ஆய்வகத்தில் எந்திரங்களின் உதவியால் அதனைக் கோடிக்கணக்கான முறை விரைவாகத் திறந்து மூடச் செய்து தேய்மானத்தை அளந்தார்கள். பின்னர் ஆடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

அவர்கள் உருவாக்கிய முதல் மூன்று வடிவங்களும் சோதனைகளில் தோற்றன. ஒன்றில் பற்றவைத்த உலோகப் பகுதி முறிந்தது. பின்னர்ச் செயற்கை நீலக்கல்லால் வில்லை செய்து பார்த்தார்கள். அதுவும் பயன் தரவில்லை. ஒவ்வொரு தோல்வியின்போதும், ‘ஏன் முறிந்தது? எங்கே தேய்ந்தது?’ என்று வினவி, விடை கண்ட பின்னரே அடுத்த வடிவத்திற்குச் சென்றார்கள். கோபால்ட்டு கலந்த உலோகச் சட்டமும், உறுதியான ஒருவகை நெகிழி வில்லையும் கொண்ட நான்காம் வடிவமே வெற்றி பெற்றது. பத்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பின் பயனாக, 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் ‘சித்ரா வால்வு’ முதன்முறையாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அதன் பின் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

மூன்று வடிவங்கள் தோற்றன என்பது இழிவன்று. அவை ஆய்வகத்தில் தோற்றதனால்தான் நோயாளியின் நெஞ்சுக்குள் தோற்கவில்லை.

வானூர்தி தந்த பாடம்

கருவி பழுதற்றதாக இருந்தாலும், அதனைக் கையாளும் மனிதர் ஒரு படியை மறந்துவிடலாம். இதனை முதலில் ஆழ்ந்து சிந்தித்தவர்கள் வானூர்தி ஓட்டிகள் ஆவர். 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய வானூர்தி ஒன்று சோதனையின்போது மேலெழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து எரிந்தது. எந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதவாறு போடப்பட்ட பூட்டு ஒன்றை விடுவிக்க மறந்ததே காரணம். அதனை ஓட்டியவர் பட்டறிவு மிக்கவர்.

இதன் பிறகு, புறப்படும் முன் ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்யும் சரிபார்ப்புப் பட்டியலை வானூர்தி ஓட்டிகள் கடைப்பிடிக்கலாயினர். அறிவு குறைந்தவர்க்கு உரியதன்று அப்பட்டியல். அறிவுடையவரும் மறக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டவர்க்கு உரியது.

மூன்று நிறுத்தங்கள்

2008ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென 19 கூறுகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. இம்முயற்சிக்குத் தலைமை ஏற்றவர் அத்துல் கவாண்டே என்னும் அறுவை மருத்துவர். இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகன் அவர். இப்பட்டியல் அறுவைக் குழுவினரை மூன்று இடங்களில் சற்றே நின்று வினவச் செய்கிறது.

முதல் நிறுத்தம், மயக்க மருந்து கொடுக்கும் முன். நோயாளி யார், என்ன சிகிச்சை, உடலின் எப்பகுதியில் என்பதை நோயாளியிடமே கேட்டு உறுதி செய்வர். வலமா, இடமா என்பது குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பர். ஏதேனும் மருந்து ஒவ்வாமை உண்டா என்று வினவுவர். குருதியில் உள்ள ஆக்சிசன் அளவைக் காட்டும் கருவி விரலில் பொருத்தப்பட்டு இயங்குகிறதா என்றும் பார்ப்பர்.

இரண்டாம் நிறுத்தம், கத்தி தோலைத் தொடும் முன். அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் கூறுவர். இது வெறும் மரியாதைக்காகச் செய்யப்படுவதன்று. ஒருமுறை வாய்திறந்து பேசியவர், பின்னர்ப் பிழையைக் கண்டால் தயங்காமல் பேசுவார். தொற்றைத் தடுக்கும் மருந்து, கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் கொடுக்கப்பட்டதா என்றும் கேட்கப்படும்.

மூன்றாம் நிறுத்தம், நோயாளி அறையை விட்டு வெளியேறும் முன். கருவிகள், ஊசிகள், பஞ்சுத்துணிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை சரியாக உள்ளதா என்று எண்ணுவர். எண்ணிக்கை குறைந்தால், குறைந்தது எங்கே என்று தேடுவர். அது நோயாளியின் உடலுக்குள் தங்கிவிடக் கூடாதன்றோ!

எண்கள் கூறுவது

புதுதில்லி, மணிலா, இலண்டன், டொராண்டோ உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியல் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் முடிவு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெரும் சிக்கல்கள் ஏற்பட்டோர் 100க்கு 11 பேராக இருந்தது, 7 பேராகக் குறைந்தது. இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. இதற்கு விலை உயர்ந்த எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆயினும், கதை இத்துடன் முடியவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்தவர்கள், பட்டியல் நடைமுறைக்கு வந்த பின்னும் இறப்பும் சிக்கல்களும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 2014ஆம் ஆண்டில் தெரிவித்தனர். ஒரே பட்டியல் ஓரிடத்தில் பயன் தந்து, மற்றோரிடத்தில் பயன் தராதது ஏன் என்று அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். ஒன்று தெளிவு: தாளில் குறியிடுவதனால் மட்டும் எவரும் பிழைப்பதில்லை. வினவுபவர் விடைக்காகக் காத்திருக்க வேண்டும். இளையவர் சொன்னாலும் மூத்தவர் செவிசாய்க்க வேண்டும்.

நாமும் குழுவில் ஒருவரே

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என்று மருத்துவத்தின் கூறுகளை நான்காகப் பகுத்தார் திருவள்ளுவர். நோயாளியும் துணை செய்பவரும் அதில் இடம்பெறுவதைக் கவனியுங்கள். வீட்டில் ஒருவர் நோயுற்றால் நாமும் அக்குழுவில் சேர்ந்துவிடுகிறோம்.

மாணவர்களே! உங்களுள் பலர் மருத்துவமனையில் பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ மலையாளத்தைத் தமிழில் எடுத்துரைத்திருப்பீர்கள். அது பெரும் பொறுப்பு. பொருள் ஐயமாக இருந்தால் ஊகித்துச் சொல்லாதீர்கள். “எனக்கு விளங்கவில்லை; மீண்டும் சொல்லுங்கள்” என்று கேளுங்கள்; இரு மொழியும் நன்கு அறிந்த பெரியவரை அழையுங்கள். கேட்டதை உங்கள் சொற்களில் மருத்துவரிடம் திருப்பிச் சொல்லி, “இது சரியா?” என்று உறுதி செய்யுங்கள். நேரத்தைச் சொல்லும்போது ‘காலை 6 மணி’ என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

2019ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 17ஆம் நாள் உலக நோயாளி பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால், பாதுகாப்பு என்பது ஒரு நாளுக்கு மட்டும் உரியதன்று. ‘தெரியவில்லை’ என்று சொல்லும் துணிவும், ‘சரியா?’ என்று கேட்கும் பழக்கமும் ஒவ்வொரு நாளும் உயிர் காக்கும்.

சொற்பொருள்

ஊறு – தீங்கு
பட்டறிவு – அனுபவம்
அழற்சி – வீங்கிச் சிவந்து வலித்தல்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
செவிசாய்த்தல் – கவனித்துக் கேட்டல்
ஐயம் – சந்தேகம்

இலக்கணம் அறிவோம்: வினா வகை

விடை தெரிந்திருந்தும் சரிபார்ப்பதற்காகக் கேட்பது அறிவினா. தெரியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா, அதுவா என்னும் ஐயத்தைப் போக்கக் கேட்பது ஐய வினா. கீழ்க்காண்பவை எவ்வகை வினா என எழுதுக.

1. பெயர் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டே, செவிலியர் நோயாளியிடம் “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டல்.
2. “அறுவை வலக்கண்ணிலா, இடக்கண்ணிலா?”
3. “உங்களுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?”

வினாக்கள்

1. பாட்டி செய்தியைத் தவறாகப் புரிந்துகொள்ளக் காரணமான இரு சொற்கள் யாவை?
2. அறுவை சிகிச்சைக்கு முன் ஏன் ஒன்றும் குடிக்கக் கூடாது?
3. சித்ரா வால்வின் முதல் மூன்று வடிவங்கள் தோற்றது நன்மையே என்று எவ்வாறு கூறலாம்?
4. அறுவைக் குழுவினர் தம் பெயரைக் கூறுவதனால் விளையும் பயன் யாது?
5. ‘தாளில் குறியிடுவதனால் மட்டும் எவரும் பிழைப்பதில்லை.’ இத்தொடரை விளக்கி ஐந்து வரிகளில் எழுதுக.

செயல்திட்டம்

தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல் ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள் ஐந்தினை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் மருத்துவமனையில் குழப்பம் தரக்கூடியவை எவை என்று வகுப்பில் கலந்துரையாடுக.