உதைக்கும் முன் பேய்களை எண்ணுங்கள்

போகிமான் ஆட்டங்களில் அடிப்பவரையே நோகடிக்கும் தாக்குதல்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஒரே கணக்குதான்: எதிராளிக்கு எவ்வளவு அடி விழுந்ததோ, அதில் ஒரு பங்கு அடித்தவருக்கும் விழும். டபுள்-எட்ஜ், ஃபிளேர் பிளிட்ஸ், பிரேவ் பேர்ட் மூன்றும் இன்றைய ஆட்டங்களில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. டேக் டவுனும் சப்மிஷனும் கால் பங்கு. இதெல்லாம் பழகச் சுலபம். விலை எழுதி ஒட்டிய சரக்கு.

ஹை ஜம்ப் கிக் வேறு ரகம். உதை விழுந்தால் அது உங்களிடம் எதுவும் கேட்காது. விழாவிட்டால் உதைத்தவர் தரையில் மோதி, தன் முழு எச்.பி.யில், அதாவது உயிர் அளவில், பாதியைப் பறிகொடுப்பார். கையில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சே கிடையாது. முழு அளவில் பாதி. முழு பலத்தோடு களமிறங்கிய ஆளும் இரண்டு முறை தவறினால் ஏறக்குறைய காலி. பல வருடங்களாக என் அணியில் இந்த உதை தெரிந்த ஒருவராவது இருந்துகொண்டே இருக்கிறார். அந்தப் பழக்கத்தில் கைக்குப் படிந்த சில கணக்குகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் இது இவ்வளவு பயங்கரமானதாக இல்லை. 1996இல் ஜப்பானில் வந்த முதல் ஆட்டங்களில் இந்த உதை ஹிட்மான்லீ ஒருவருக்கே சொந்தம். சாஃப்ரான் நகரத்தின் சண்டைப் பள்ளியில் கராத்தே மாஸ்டரைத் தோற்கடித்தால் ஹிட்மான்லீ, ஹிட்மான்சான் இருவரில் ஒருவரைப் பரிசாக எடுத்துக்கொள்ளலாம். உதைப்பவர் வேண்டுமா, குத்துபவர் வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஜப்பானில் ஹிட்மான்லீக்குப் பெயர் சவாமுரா என்பதுபோல ஒலிக்கும்; கிக்பாக்ஸர் சவாமுரா தடாஷியின் பெயரிலிருந்து வந்தது. மற்றவர் பெயர் குத்துச்சண்டை வீரர் எபிஹாரா ஹிரோயுகியிடமிருந்து. அன்றைக்கு இந்த உதையின் பலம் 85. தவறினால் போவது ஒரே ஒரு எச்.பி. கால் இடறியதற்குக்கூட இதைவிட வலிக்கும்.

2006இல் வந்த டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில் பலம் 100 ஆனது. 2010இல் பிளாக், ஒயிட் வந்தபோது 130க்குத் தாவியது. தவறினால் பாதி உயிர் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. அதே தலைமுறையில்தான் எதிராளியின் ஆறு போகிமானையும் சண்டைக்கு முன்பே வரிசையாகக் காட்டும் திரையும் அறிமுகமானது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள்தான் உதையை ஒழுங்காக ஆடுகிறார்கள் என்பது என் எண்ணம். எப்படி என்று பின்னால் வருகிறேன்.

முதலில் எளிய பெருக்கல். ஹை ஜம்ப் கிக்கின் துல்லியம் 90 சதவீதம். 130ஐ 0.9ஆல் பெருக்கினால் 117. குளோஸ் காம்பாட் என்ற இன்னொரு ஃபைட்டிங் தாக்குதலின் பலம் 120, துல்லியம் 100. அடித்தபின் அடித்தவரின் இரண்டு தற்காப்புகளும் ஒரு படி இறங்கும், அவ்வளவே. சராசரி பார்த்தால் உதை தோற்றுவிடுகிறது. தொடர்ந்து இரண்டு முறை உதை விழ 81 சதவீத வாய்ப்பு. மூன்று முறை என்றால் 73க்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே சேத அளவைக் கணக்கிடும் கருவியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 120 பலத்திலேயே எதிராளி விழுவார் என்றால் 130ஐத் தொட வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் பெரிய எண்ணைப் பார்த்ததும் அதையே அழுத்துகிறார்கள்.

கணக்கைத் திருப்பிப் போடுவது ரெக்லெஸ் என்ற திறன். தன்னையே நோகடிக்கும் தாக்குதல்களுக்கு அது 20 சதவீதம் கூடுதல் பலம் தரும். ஹை ஜம்ப் கிக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. 130 அப்போது 156 ஆகிறது. துல்லியத்தைக் கழித்தாலும் 140. ஹிட்மான்லீக்கும் மியன்ஷாவுக்கும் இந்தத் திறன் கிடைக்கும். குளோஸ் காம்பாட் எட்டாத இடத்தை இப்போது உதை எட்டுகிறது.

சரி, இந்தப் பத்து சதவீதத்தைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை. வைட் லென்ஸ் என்ற பொருளைக் கையில் கொடுத்தால் துல்லியம் 99 ஆகிவிடும். இருந்தும் அதைக் கொடுப்பவர்கள் குறைவு. உண்மையான ஆபத்து பகடையில் கிடையாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம்தான் இருக்கிறது. அவர் நினைத்தால் இந்த உதையைத் தவறவைக்க முடியும்.

என் சித்தி பையன் கல்லூரியில் படிக்கிறான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் போகிமான் ஷோடவுனில் ஆடுவோம். கன்சோல் இல்லாமல் உலாவியிலேயே இலவசமாக ஆடக்கூடியது. ஒருநாள் என் மியன்ஷாவ் உதைக்கக் காலைத் தூக்கிய அதே முறையில் அவன் ஜெங்காரை இறக்கினான். ஜெங்கார் கோஸ்ட் வகை, ஃபைட்டிங் தாக்குதல் அதன் ஊடாகப் போய்விடும். மியன்ஷாவ் தரையில் மோதியது.

"எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றேன்.

"அண்ணே, கோஸ்ட்டை வெளியே காட்டாம வச்சிருந்தா நீங்க உதைக்காம இருக்க மாட்டீங்க. எல்லாருமே அப்படித்தான். நான் அதுக்குத்தான் காத்திருந்தேன்."

அவன் சொன்னது முழுக்கச் சரி. ஆகவே அந்த ஆறு பேர் வரிசையைப் பார்த்ததும் நான் செய்யும் முதல் வேலை, பேய்களை எண்ணுவது. ஒரு பேய் இருந்தால், அது ஒழியும்வரை உதை உள்ளேயே இருக்க வேண்டும். நாக் ஆஃப் என்ற டார்க் தாக்குதல் இந்த இடைக்காலத்துக்கு உதவும். எதிராளியின் கையில் இருக்கும் பொருளைத் தட்டிவிடும், பேய்களை இருமடங்கு நோகடிக்கும். உதைக்குப் பயந்து எதிராளி பேயை இறக்கும் முறையில் நீங்கள் நாக் ஆஃப் அடித்தால் போதும். அப்படி ஒரு தடவை நடந்துவிட்டால், அடுத்த தடவை பேயை இறக்க அவருக்குக் கை வராது. உதைக்கு வழி திறப்பதே அப்போதுதான்.

2022இல் ஸ்கார்லெட், வயலெட் வந்தபிறகு இந்த எண்ணிக்கை கடினமாகிவிட்டது. டெராஸ்டலைஸ் செய்து, சண்டைக்கு ஒருமுறை, எந்தப் போகிமானும் தன் வகையை மாற்றிக்கொள்ளலாம். கிங்கேம்பிட் டார்க்-ஸ்டீல் வகை. ஃபைட்டிங் தாக்குதல் அதற்கு நாலு மடங்கு வலிக்கும். பார்த்தாலே கால் துறுதுறுக்கும். அதன் டெரா வகையைக் கோஸ்ட் என்று வைத்திருப்பவர்கள் பலர். நாலு மடங்கு சேதம் கண்ணிமைக்கும் நேரத்தில் பூஜ்யமாகி, நம் பாதி உயிரும் போய்விடும். எதிராளி தன் டெராவைச் செலவழிக்கும்வரை அவருடைய ஆறு பேருமே பேய்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது. செலவழித்துவிட்டார், பழைய பேய்களும் விழுந்துவிட்டன என்றால் மட்டும் எண்ணிக்கை முடிந்தது.

ஹிசுய் நாட்டு ஸோரோவார்க்கையும் மறந்துவிட வேண்டாம். நார்மல்-கோஸ்ட் வகை, இல்யூஷன் என்ற திறனால் அணியின் வேறொருவர் வேஷத்தில் வந்து நிற்கும். அந்தக் கிங்கேம்பிட் உண்மையில் கிங்கேம்பிட்டா என்பதே சில சமயம் கேள்வி. வரிசையில் ஸோரோவார்க் முகம் தெரிந்தால், முதல் அடியை நாக் ஆஃபாக வைத்துவிடுவேன்.

இரட்டையர் ஆட்டத்தில் கதை இன்னும் மோசம். அதிகாரப்பூர்வப் போட்டிகள் இரட்டையராகத்தான் நடக்கின்றன, அங்கே ஏறக்குறைய எல்லோர் கையிலும் ப்ரொடெக்ட் இருக்கும். ப்ரொடெக்ட் போட்டவரை உதைத்தாலும் தரையில் விழுவது நாம்தான். பேய்களுக்காவது எண்ணிக்கை உண்டு, ப்ரொடெக்டுக்கு அதுவும் இல்லை. போதாததற்குச் சினிஸ்ச்சா என்ற தேநீர்ப் பேய் ரேஜ் பவுடர் தூவி, பக்கத்து ஆளுக்குக் குறிவைத்த உதையைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும். கோஸ்ட் வகையாயிற்றே, உதை அதன்மேல் படாது. இரட்டையரில் ஃபைட்டிங் தாக்குதல் வேண்டுமென்றால் குளோஸ் காம்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. வேறுவிதமாகச் சொல்லும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நரம்பு உறுதி அதிகம்.

உதைத்தே ஆவேன் என்பவர்களுக்கு ஒரு சின்ன உபாயம் உண்டு. ப்ரொடெக்டைத் தொடர்ந்து இரண்டாம் முறை போட்டால் அது பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. எனவே உதைக்கு ஏற்ற முறை, எதிராளி ப்ரொடெக்ட் போட்டு முடித்த மறுமுறை. அந்த முதல் ப்ரொடெக்டை வரவழைக்க, உதைப்பவர் எதிரே நின்றாலே போதும், காலைத் தூக்க வேண்டியதில்லை. அந்த முறையில் வேகத்தையோ பலத்தையோ கூட்டிக்கொள்ளலாம்.

இதையே ஒரு கலையாக ஆக்கிவிட்டது மெகா லோபன்னி. 2014இல் வந்த ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் ஆட்டங்களில் அறிமுகமான இந்த முயலின் திறன் ஸ்கிராப்பி, பேய்களையும் உதைக்கும். ஒரே அடியில் எண்ணிக்கைத் தலைவலி தீர்ந்தது. மிச்சமிருப்பது ப்ரொடெக்ட். அதற்கு என்கோர் வைத்திருக்கும்: எதிராளி கடைசியாகச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் வித்தை. ப்ரொடெக்ட் போட்டவர் என்கோரில் மாட்டினால், தொடர்ந்து ப்ரொடெக்டையே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், அல்லது ஆளை மாற்ற வேண்டும். இரண்டுமே நமக்கு லாபம். ஹை ஜம்ப் கிக்கை முதன்முதலாகப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் கைகாட்டுவேன், ஷோடவுனில் ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை ஆட்டத்தில்.

இனி, எப்போது உதைப்பது என்பது. பாதி உயிர் அபராதம் என்று சொன்னேன். ஆனால் கையில் இருப்பதற்கு மேல் யாராலும் கட்ட முடியாது. முழு எச்.பி.யோடு நிற்கும் மியன்ஷாவ் தவறினால் 50 சதவீதம் போகும். 10 சதவீதத்தோடு தள்ளாடுபவர் தவறினால் போவது அந்தப் பத்துதான். அடுத்த அடியில் எப்படியும் விழப்போகிறார் என்றால் உதை ஏறக்குறைய இலவசம். பலரும் தலைகீழாக ஆடுகிறார்கள்: ஆரம்பத்தில் தெம்பாக இருக்கும்போது துணிந்து உதைக்கிறார்கள், உயிர் போகும் நேரத்தில் பயந்து பத்திரமான அடிக்குப் போகிறார்கள். என் வழக்கம் நேரெதிர். ஆட்டத் தொடக்கத்தில் குளோஸ் காம்பாட், நாக் ஆஃப், யு-டர்ன். கடைசி ஐந்து நிமிடத்தில் உதை.

மியன்ஷாவுக்கு இன்னொரு தேர்வும் இருக்கிறது. ரெக்லெஸ் வேண்டாம் என்று ரீஜெனரேட்டர் திறனை எடுத்தால், களத்தைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு எச்.பி. திரும்பும். யு-டர்ன் அடித்து வெளியே வந்தாலே வைத்தியம் நடந்துவிடும். ஒருமுறை தரையில் மோதினாலும் இரண்டு தடவை போய்வந்தால் ஈடுகட்டலாம். பலத்தை விரும்புபவர்கள் ரெக்லெஸ் பக்கம் போவார்கள். எனக்கு இப்போதெல்லாம் ரீஜெனரேட்டர்தான் பிடிக்கிறது; வயதாகிறது போலும்.

சப்மிஷன் பற்றி ஒரு வரி. பலம் 80, துல்லியம் 80, பட்டால் கால் பங்கு நமக்கும் அடி. தவறினாலும் நஷ்டம், பட்டாலும் நஷ்டம். முதல் தலைமுறையில் மச்சாம்ப் போன்றவர்களுக்கு வேறு வழியில்லாமல் கற்றுக்கொடுத்தார்கள். இன்று யாராவது சிபாரிசு செய்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒரு எண். தரையில் மோதும்போது போகும் பாதி, கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்கப்படுகிறது. ஐம்பதாம் நிலையில், எச்.பி.க்கான பிறவி மதிப்பு 31ஆக இருக்கும் ஹிட்மான்லீக்கு, பயிற்சிப் புள்ளி எதுவும் போடாவிட்டால் எச்.பி. 125. ஒருமுறை விழுந்தால் 62 போகும். இரண்டாம் முறை விழுந்தாலும் 62தான், ஒரு எச்.பி. மிஞ்சும். தாக்குதலிலும் வேகத்திலும் 252 போட்டபின் கையில் பயன்படும்படி நாலு பயிற்சிப் புள்ளி மிஞ்சும். அதை வழக்கப்படி எச்.பி.யில் கொட்டினால் 126 ஆகிவிடும், இரண்டு முறை விழுந்தால் கதை முடிந்தது. ஸ்பெஷல் டிஃபென்ஸில் போட்டுவிடுங்கள். அந்த ஒற்றை எச்.பி.யோடு எழுந்து நிற்கும் ஹிட்மான்லீக்கு ரிவர்சல் என்ற தாக்குதல் தெரிந்திருந்தால், அதன் பலம் அப்போது 200, துல்லியம் 100. அதைத் தவறவிட்டாலும் தரையில் மோத வேண்டியதில்லை.