தட்டில் கொஞ்சம் முட்டை ஓடு

தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேவூர் வீட்டுத் திண்ணையில் நீ வரிசையாக மாட்டிய நான்கு பெட்டிகளிலும் சிட்டுக்குருவி குடியேறிவிட்டது. இரண்டாவது பெட்டிக்குக் கீழே மட்டும் மூன்று முட்டைகள் உடைந்து கிடக்கின்றன. அணில் வேலையா, மைனா வேலையா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் இருக்கலாம். ஆனால் அந்த ஓட்டை விரலால் நசுக்கிப் பார்த்தாயா? நல்ல ஓடு நொறுங்கும். காகிதம் போல மடங்கினாலோ வெறும் தோலாக இருந்தாலோ அணிலைத் திட்டாதே. அந்தப் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று முதலில் சந்தேகப்படு.

கணக்குப் போட்டுப் பார். குருவியின் எடை சுமார் 25 கிராம். முட்டை ஒன்று 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு ஒன்றாக நான்கைந்து இடும்போது, தன் உடம்பில் ஏறக்குறையப் பாதி எடையை ஒரே வாரத்துக்குள் கொடுத்துவிடுகிறது. கோழிக்குக் கால் எலும்புக்குள் சுண்ணாம்புச் சேமிப்பு உண்டு. சின்னக் குருவியின் எலும்பில் அவ்வளவு இடமில்லை. முட்டையிடும் நாட்களில் அன்றன்றைக்குத் தேடித்தான் ஆக வேண்டும். நீ வைக்கிற தினையில் 100 கிராமுக்குச் சுமார் 30 மில்லிகிராம் கால்சியம்தான் இருக்கிறது. கேழ்வரகில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் உண்டு என்றாலும், அதுவும் ஓடு கட்டப் போதாது. குஞ்சுக்குத் தாய் கொண்டுவரும் புழுபூச்சியிலும் சுண்ணாம்பு மிகக் குறைவு. வளரும் குஞ்சுக்கு அது கிடைக்காவிட்டால் கால் எலும்பு வளைந்துபோகும்.

முன்பு குருவிகள் சுண்ணாம்பை எங்கே எடுத்துக்கொண்டன? மண்ணில் நத்தை ஓடு கிடந்தது. சுவரில் சுண்ணாம்புக் காரை இருந்தது. குருவிகள் அதில் தொற்றிக்கொண்டு கொத்துவதை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. இப்போது சுவர் சிமெண்ட், முற்றம் டைல்ஸ். நெதர்லாந்துக் காடுகளில் அமில மழையால் மண்ணின் சுண்ணாம்பு கரைந்து நத்தைகள் அருகியபோது, பட்டாணிக்குருவிக்கு உறவான ஒரு சிறு பறவை ஓடு மெலிந்த முட்டைகளை இட்டது; சில ஓடே இல்லாமல் இட்டன. கிராவலாண்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1994இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். நத்தை ஓடும் கோழிமுட்டை ஓடும் வைத்த இடங்களில் முட்டைகள் தேறின. அமெரிக்காவில் பர்ப்பிள் மார்ட்டின் என்ற தகைவிலான் வகைக்குப் பழங்குடிகள் சுரைக்குடுவையைத் தொங்கவிட்டார்கள். இன்று அந்த நாட்டின் கிழக்குப் பக்கம் அது பெரும்பாலும் மனிதர் வைத்த கூடுகளையே நம்பிக் கூட்டமாக வாழ்கிறது. அங்கே கூடு வைப்பவர்கள் பக்கத்தில் ஒரு தட்டில் முட்டை ஓடும் போடுகிறார்கள். நம் ஊரில் மார்ச் 20, சிட்டுக்குருவி தினம் வந்தால் பெட்டி கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். பெட்டிக்குள் போன பெட்டை என்ன தின்கிறது என்று கேட்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

செய்ய வேண்டியது சுலபம். டீக்கடையில் ஆம்லெட்டுக்கு உடைத்த ஓட்டைக் கேட்டு வாங்கு. நாமக்கல் பண்ணையில் கோழிக்குக் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் தீவனத்தில் கலந்து கொடுத்துக் கட்டிய ஓடு அது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். கழுவி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போடு. கோழியின் நோய் குருவிக்கு ஏறக் கூடாது என்பதால் இந்த வேலையைத் தவிர்க்காதே. வெயிலில் நன்றாகக் காயவைத்து அரிசி நொய் அளவுக்கு நொறுக்கு. மாவாக்காதே, காற்றில் போய்விடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையைச் சுரண்டிப் போட்டாலும் சரிதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பை வைத்துவிடாதே. அது சுட்ட சுண்ணாம்பு, வாயையும் குடலையும் புண்ணாக்கும். கிளிஞ்சல் வேறு, கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு வேறு.

தானியத்தோடும் கலக்காதே. ஓடு தேவைப்படாத ஆணும் அதைச் சேர்த்து விழுங்க வேண்டிவரும். மிஞ்சிய கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தனித் தட்டில், மழை படாமல், பூனை எட்டாத உயரத்தில் வை. வேண்டிய குருவி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும்.

எப்போது வைப்பது என்பதை நெசவு செய்யும் உனக்குத் தறியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடுவது தறியில் ஏற்றுவதற்கு முன்புதானே? இழை அறுந்த பிறகு யாரும் கஞ்சி கரைப்பதில்லை. ஆண் குருவி வைக்கோலைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் நுழையும் அன்றே தட்டு ஏறிவிட வேண்டும். குஞ்சு பறக்கும் வரை இருக்க வேண்டும்.

முட்டை ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. அதனால் சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்து தட்டைப் பார். வருவது பெட்டையா, தொண்டையில் கறுப்பு உள்ள ஆணா, எத்தனை முறை கொத்துகிறது, ஓட்டை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் போகிறதா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. இரண்டாவது பெட்டியின் பெட்டை அடுத்த முறை இடும் முட்டைகளைப் பற்றியும் எழுது. நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்