சாலையின் மொழி

நுழையும் முன்

மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எனப் பல மொழி பேசுவோர் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர் மட்டாஞ்சேரி. அவ்வூரின் சாலைகளில் செல்வோர் அனைவருக்கும் பொதுவான மொழி ஒன்று உண்டு. அதுவே சாலை விதி. அம்மொழியின் எழுத்துகளையும் இலக்கணத்தையும், அதைப் பிழையறக் கற்கும் முன் வாகனம் ஓட்டுவதால் விளையும் இழப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பல மொழிகளின் ஊர்

கொச்சி மாநகரின் மேற்கே, காயலை ஒட்டி அமைந்துள்ள பழைமையான வணிக ஊர் மட்டாஞ்சேரி. இங்குள்ள யூதர் தொழுகைக்கூடம் 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. குஜராத்தி சாலையில் சமணக் கோயில் உள்ளது. செர்லாய்ப் பகுதியில் கொங்கணி மக்கள் வாழ்கின்றனர். அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் டோபி கானாவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தொழில் செய்து வருகின்றன.

மிளகும் சுக்கும் ஏலக்காயும் மணக்கும் பண்டகசாலைகள் நிறைந்தது பஜார் சாலை. தோணிகளில் வந்து இறங்கிய சரக்குகளைக் கைவண்டிகள் இழுத்துச் சென்ற காலத்துத் தெருக்கள் இவை. இன்று அதே தெருக்களில் சரக்குந்துகளும் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் செல்கின்றன. சுற்றுலாப் பயணிகளும், தெருவில் உரிமையோடு திரியும் ஆடுகளும் இடையிடையே நடக்கின்றனர்.

ஒரு சரக்குந்து மூட்டைகளை இறக்க நின்றால், சாலையின் பாதி அடைபட்டுவிடும். எஞ்சிய பாதியில் எதிரெதிராக இரண்டு வாகனங்கள் வருகின்றன. ஒருவர் மலையாளம் அறிந்தவர். மற்றவர் தமிழ் மட்டுமே அறிந்தவர். யார் முதலில் செல்வது என்று கேட்டுப் பேசி முடிவு செய்ய அங்கே நேரம் இல்லை. தம் பக்கத்தில் தடை உள்ளவர் நின்று, தடையின்றி வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பதை இருவரும் முன்பே அறிந்திருக்க வேண்டும். முன்பின் அறியாத இருவர் ஒருவரை ஒருவர் நம்பிக் கடந்து செல்ல வழிசெய்வதே விதியின் பயன்.

எழுத்துகள்: சாலைக் குறியீடுகள்

சாலைக் குறியீடுகள் மூவகைப்படும்.

1. கட்டாயக் குறியீடுகள்: இவை பெரும்பாலும் வட்ட வடிவம் உடையவை. இவற்றை மீறுவது குற்றமாகும். 'நுழையக் கூடாது', 'நிறுத்தக் கூடாது', உச்ச வேகம் ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை.
2. எச்சரிக்கைக் குறியீடுகள்: இவை முக்கோண வடிவம் உடையவை. வளைவு, குறுகிய பாலம், பள்ளி ஆகியவை முன்னே உள்ளன என்பதை இவை அறிவிக்கும்.
3. தகவல் குறியீடுகள்: இவை பெரும்பாலும் செவ்வக வடிவம் உடையவை. மருத்துவமனை, உணவகம், வாகனம் நிறுத்துமிடம் முதலியவற்றைக் காட்டும்.

கட்டாயக் குறியீடுகளுள் இரண்டு மட்டும் வட்டத்திலிருந்து வேறுபடுகின்றன. 'நில்' என்னும் குறியீடு எண்கோணம். 'வழிவிடு' என்னும் குறியீடு தலைகீழ் முக்கோணம். மழையிலும் மங்கிய ஒளியிலும் எழுத்து தெரியாவிட்டாலும் வடிவத்தைக் கொண்டே இவற்றை அடையாளம் காணலாம்.

சாலையின் நடுவே விட்டுவிட்டு வரையப்பட்ட வெண்கோடு, எதிரே வாகனம் வராதபோது கவனத்துடன் முந்தலாம் என்பதைக் குறிக்கும். தொடர்கோட்டைத் தாண்டி முந்துதல் கூடாது. வரிக்குதிரைக் கோடுகள் நடந்து செல்வோருக்கு உரியவை. அங்கே நடப்பவரைக் கண்டவுடன் வாகனம் நிற்க வேண்டும். மஞ்சள் விளக்கு விரைந்து செல்வதற்கான அழைப்பு அன்று, நிற்பதற்கான அறிவிப்பாகும்.

கேரளத்துப் பலகைகளில் உள்ள மலையாளச் சொற்கள் தமிழ் மாணவர்களுக்கு அயலானவை அல்ல. தமிழ்நாட்டில் 'வேகத்தைக் குறைக்கவும்' என்று எழுதப்படுவது இங்கே 'வேகத குறைக்குக' என்று எழுதப்படுகிறது. 'வளைவு' இங்கே 'வளவு' ஆகிறது. 'பாலம்', 'வழி' ஆகிய சொற்கள் இரு மொழிகளிலும் மாறாமல் நிற்கின்றன.

இலக்கணம்: சாலை ஒழுங்கு

இந்தியாவில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்ல வேண்டும். தமிழர் மிகுதியாக வாழும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் இதுவே முறை. கனடாவிலும் பிரான்சிலும் வலப்பக்கம் செல்வர்.

முன்னே செல்லும் வாகனத்தை வலப்பக்கமாகவே முந்த வேண்டும். வளைவு, சாலைச் சந்திப்பு, குறுகிய பாலம் ஆகிய இடங்களில் முந்துதல் கூடாது. கிளைச் சாலையிலிருந்து வருபவர் முதன்மைச் சாலையில் செல்பவருக்கு வழிவிட வேண்டும். சுற்றுவட்டத்தில் நுழைபவர், ஏற்கெனவே உள்ளே சுற்றி வருபவருக்கு வழிவிட வேண்டும். மலைச் சாலையில் இறங்கி வருபவர் ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். அவசர ஊர்திக்கு அனைவரும் வழிவிட வேண்டும்.

தோப்பும்படியையும் வெலிங்டன் தீவையும் இணைக்கும் மட்டாஞ்சேரிப் பழைய பாலம் ஆங்கிலேயர் காலத்தது. நீர்வழியில் செல்லும் கலங்களுக்காக அதன் நடுப்பகுதியை உயர்த்தும் வகையில் அது கட்டப்பட்டது. பாலமே வழிவிட்ட ஊரில், வாகனம் ஓட்டுவோர் வழிவிடத் தயங்கலாகாது.

வேகமும் தொலைவும்

'பதறாத காரியம் சிதறாது' என்பது பழமொழி. அதன் உண்மையைக் கணக்கின் மூலமும் உணரலாம்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கும். தடையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்த ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒரு நொடி தேவைப்படுகிறது. அதன் பின், உலர்ந்த சாலையில் வாகனம் நிற்க மேலும் 10 மீட்டர் அளவு வேண்டும். ஆக மொத்தம் 20 மீட்டர். வேகம் இருமடங்காகி 72 கிலோமீட்டர் ஆனால், பிரேக்கை அழுத்தும் முன்பே 20 மீட்டர் கடந்துவிடும். அழுத்திய பின் நிற்க 40 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானபோது நிற்கும் தொலைவு மும்மடங்காகிறது.

நிறுத்தப்பட்ட ஆட்டோ ஒன்றின் பின்னாலிருந்து ஒரு குழந்தை 10 மீட்டர் தொலைவில் தெருவுக்கு ஓடி வருவதாகக் கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஏறத்தாழ 9 மீட்டரில் நின்றுவிடுவார், குழந்தை பிழைக்கும். 36 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரோ, குழந்தை நிற்கும் இடத்தை அடையும்போதுதான் பிரேக்கை அழுத்தவே தொடங்கியிருப்பார். குறுகிய தெருவில் இருவரின் வேகத்துக்கும் உள்ள சிறு வேறுபாடே ஓர் உயிரின் விலையாகிறது.

மழைக்காலத்தில் ஈரச் சாலையில் சக்கரத்தின் பிடிமானம் குறைவதால் நிற்கும் தொலைவு மேலும் கூடும். கைப்பேசியை இரண்டு நொடி பார்ப்பவர், 36 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர் ஆவார்.

உரிமம் பெறும் வழி

இந்தியாவில் வாகனப் போக்குவரத்தை மோட்டார் வாகனச் சட்டம், 1988 ஒழுங்குபடுத்துகிறது. இச்சட்டத்தின்படி, ஓட்டுநர் உரிமம் பெறக் குறைந்தது 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 50 சிசிக்கு மேற்படாத பொறி கொண்ட இருசக்கர வாகனத்துக்கு மட்டும் 16 வயது போதும். ஆயினும் இன்று வீடுகளில் உள்ள பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சிசியைத் தாண்டியவை. எனவே, அவற்றுக்கு இவ்விலக்குப் பொருந்தாது.

முதலில் பழகுநர் உரிமம் பெற வேண்டும். அது 6 மாதம் செல்லும். பழகும் வாகனத்தின் முன்னும் பின்னும் வெண்பரப்பில் சிவப்பு நிறத்தில் 'எல்' என்னும் ஆங்கில எழுத்தைப் பொறித்திருக்க வேண்டும். குறைந்தது 30 நாள் பழகிய பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம்.

தமிழ்நாட்டில் ஓட்டுநர் தேர்வை 'எட்டுப் போடுதல்' என்றே மக்கள் கூறுவர். கேரளத்தில் இருசக்கர வாகனத்துக்கு எட்டு வடிவத்திலும், காருக்கு 'எச்' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவத்திலும் ஓட்டிக் காட்டும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. மட்டாஞ்சேரியில் பதிவு செய்யப்படும் வாகனங்களின் எண் 'கே.எல். 43' என்று தொடங்கும்.

'பக்கத்துத் தெருதானே!'

பிழைப்புக்காக வேற்றூர் வந்த குடும்பத்தில் ஸ்கூட்டர் என்பது ஒரு தொழிற்கருவி. தேய்த்த துணிகளை வீடுகளில் சேர்ப்பதும், சந்தையிலிருந்து காய்கறி கொண்டு வருவதும் அதைக் கொண்டே நடைபெறும். வேலை மிகுந்த ஒரு மாலையில், 'பக்கத்துத் தெருதானே, போய் வா' என்று 15 வயது மகனிடமோ மகளிடமோ சாவியைக் கொடுப்பது பெற்றோருக்குச் சிறு செயலாகத் தோன்றலாம். சட்டத்தின் பார்வையில் அது சிறு செயல் அன்று.

2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 199ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. 18 வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், அவருடைய பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தக்க முயற்சி எடுத்ததாகவோ மெய்ப்பித்தால் மட்டுமே அவர் தப்ப இயலும். இல்லையெனில், 3 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். அச்சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் வழங்கப்படாது.

ஓராண்டு ஸ்கூட்டர் இல்லாமல் துணிகளை யார் கொண்டு சேர்ப்பார்? படிப்பு முடித்து வேலை தேடும் இளைஞர், உரிமம் கேட்கும் பணிக்கு எவ்வாறு விண்ணப்பிப்பார்? விபத்து நேர்ந்து ஓர் உயிர் போனால், அதை எந்த அபராதம் மீட்டுத் தரும்? சாவியை வாங்க மறுப்பது பெற்றோரை மதியாமை ஆகாது. 'நடந்தே கொடுத்துவிட்டு வருகிறேன், அப்பா' என்று கூறும் பிள்ளை குடும்பத்தின் பிழைப்பையும் காக்கிறது.

உயிர்க் கவசங்கள்

இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவர் மட்டுமன்றி, பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் இது பொருந்தும். தாடைப் பட்டையைப் பூட்டாத தலைக்கவசம் விழும்போது கழன்றுவிடும். அதனால் பயன் இல்லை. தலைக்கவசம் இன்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் உண்டு. 3 மாதம் உரிமம் செல்லாது. காரின் பின் இருக்கையில் அமர்பவரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜூன் முதல் கேரளச் சாலைகளில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் இத்தகைய மீறல்களைப் பதிவு செய்து வருகின்றன. கேமரா இல்லாத தெருவிலும் தரையின் கடினம் ஒன்றே.

உதவும் கரங்கள்

விபத்தைக் கண்டவர் 112 அல்லது 108 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். வேற்றூரில் வாழ்வோர் காவல்துறை விசாரணைக்கு அஞ்சி விலகிச் செல்வதுண்டு. அந்த அச்சம் தேவையற்றது. நல்லெண்ணத்துடன் உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 134ஏ பிரிவு அப்பாதுகாப்பைச் சட்டத்திலேயே சேர்த்தது. உதவியவர் தம் பெயரைக் கூற வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த இயலாது.

மொழி தெரியாத ஊரிலும் அடிபட்டவரின் வலி அனைவருக்கும் விளங்கும். அதற்கு முன்பே, அந்த வலி நேராமல் காக்கும் மொழி சாலை விதியாகும்.

அருஞ்சொற்பொருள்

காயல் – கடலோடு இணைந்த உப்புநீர்ப் பரப்பு
பண்டகசாலை – சரக்குகளைச் சேமிக்கும் இடம்
பழகுநர் – வாகனம் ஓட்டக் கற்பவர்
பிடிமானம் – பற்றி நிற்கும் தன்மை
அயலானவை – தொடர்பற்றவை

மொழியை அறிவோம்

வினையடியுடன் 'நர்' சேர்ந்து அச்செயலைச் செய்பவரைக் குறிக்கும்.
ஓட்டு + நர் = ஓட்டுநர்
கீழ்க்காண்பவற்றைச் சேர்த்து எழுதுக: பழகு + நர், நடத்து + நர், பெறு + நர்

பயிற்சி

1. 'நில்', 'வழிவிடு' ஆகிய குறியீடுகளின் வடிவங்கள் யாவை?
2. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் எத்தனை மீட்டர் கடக்கும்?
3. 199ஏ பிரிவு ஒரு குடும்பத்தின் பிழைப்பை எவ்வாறு பாதிக்கக்கூடும்? விளக்குக.
4. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழியைச் சாலைப் பயணத்துடன் பொருத்தி ஐந்து தொடர்கள் எழுதுக.
5. செயல்பாடு: வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள சாலைக் குறியீடுகளை வரைந்து, அவற்றின் பொருளைத் தமிழில் எழுதுக. பலகையில் மலையாளச் சொல் இருந்தால், அதற்கு இணையான தமிழ்ச் சொல்லையும் அருகில் எழுதுக.