திண்ணைப்பள்ளி

பாகாலாவைச் சூழ்ந்த சிற்றூர்கள் 1911ஆம் ஆண்டுவரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அந்நாளைய ஊர்ப்பள்ளியைத் தமிழர் 'திண்ணைப்பள்ளி' என்றனர். தெலுங்கர் 'வீதிபடி' என்றனர். 'படி' என்பது தெலுங்கில் பள்ளியைக் குறிக்கும். பெயர் இரண்டாயினும் அமைப்பு ஒன்றே: ஓர் ஆசிரியர், பரப்பிய மணல், பல வயதுப் பிள்ளைகள்.

மாணவர் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் பெற்றனர். ஆத்திசூடியையும் எண்சுவடியையும் ஒருவர் முன்சொல்ல, ஏனையோர் உரத்த குரலில் பின்சொல்லினர். ஆசிரியர் ஒருவரே ஆதலால், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்தனர். அவர்களுள் தலைமை மாணவன் சட்டாம்பிள்ளை எனப்பட்டான். நேற்றுக் கற்றதை இன்று பிறருக்குச் சொல்லும்போதுதான் தனக்குத் தெளிவாகாத இடம் எது என்பது அவனுக்குப் புலப்பட்டது. ஆசிரியரினும் கடுமையான சட்டாம்பிள்ளைகளும் இருந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக அவர் 1826இல் குறித்தார்.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர் உடன்படவில்லை. பெல் அப்பணியை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797இல் பெல் வெளியிட்ட நூலால் இது 'மெட்ராஸ் முறை' எனப் பிரிட்டனில் பரவியது.

கற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளாத வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் 'ஜெலி' எனப்படும் கதைசொல்லிகள், 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தம் மக்களுக்கு வாய்மொழியாகவே கற்பித்து வந்துள்ளனர்.

ஆயினும் நம் திண்ணையில் எல்லார்க்கும் இடம் இருக்கவில்லை. பெண் குழந்தைகள் மிகச் சிலரே கற்றனர். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டனர். இன்றைய வகுப்பறையில் இவர்கள் அனைவரும் சேர்ந்து அமர்கின்றனர். கணக்கை முதலில் புரிந்துகொண்ட மாணவி, விளங்காமல் விழிக்கும் தோழனிடம் தன் ஏட்டைத் திருப்பிக் காட்டி விளக்குகிறாள். அவள் செய்வது சட்டாம்பிள்ளையின் பணியே. பிரம்பு மட்டும் இல்லை.