விசிறி ஓரத் தக்காளி

கேள்வி: பசுமைக்குடிலில் 4 பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் 5 உர அளவுகளுக்குத் தலா ஒரு தொட்டி, தொட்டிக்கு 3 தக்காளிச் செடிகள். மகசூலை ஒப்பிட எந்தப் புள்ளியியல் ஆய்வு பொருந்தும்?

பதில்: பிளாக், உரம் இரண்டையும் சேர்த்த அனோவா. ஈரத்திரையும் விசிறியும் வைத்துக் குளிர்விக்கும் குடிலில் ஈரத்திரை ஓரம் குளிரும், விசிறி ஓரம் சுடும். பிளாக்குகள் அதற்கேற்ப அமைந்திருந்தால் அந்த வேறுபாடு தனியே பிரிந்துவிடும். ரோதம்ஸ்டெட் பண்ணையில் பணியாற்றிய ஃபிஷர் 1920-களில் வகுத்த வழி இது.

பலர் சறுக்குவது செடிக் கணக்கில்தான். உரம் போட்டது தொட்டிக்கு. ஆகவே 60 செடிகளையும் 60 தனிச் சான்றுகளாக எடுத்தால் இல்லாத பலன் இருப்பதாகத் தோன்றலாம். தொட்டிக்கு ஒரே சராசரி எடுக்க வேண்டும்; அப்போது பிழைக்கான டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (5−1)×(4−1)=12.

பிளாக் வேறுபாடு சிறிதாக வந்தாலும் பிளாக்கை ஆய்விலிருந்து நீக்கக் கூடாது. அளந்தது மகசூல் அல்ல, முளைத்த விதைகளின் எண்ணிக்கை என்றால் பைனாமியல் மாதிரியே ஏற்றது.