திறந்த மூலத் தரவுத்தள ஆவணமாக்கத்தில் தமிழ் இலக்கண அறிவின் இடம்: போஸ்ட்கிரெஸ் முழு உரைத் தேடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

போஸ்ட்கிரெஸ் என்னும் திறந்த மூலத் தரவுத்தளம் 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல் தமிழ்ச் சொற்களின் அடிவடிவைப் பிரித்தறியும் வசதியைக் கொண்டுள்ளது. ஆயினும் அவ்வசதி தமிழ்ச் சொற்களை எவ்வாறு கையாள்கிறது என்பதற்கான விளக்கம் அதன் அதிகாரமுறைக் கையேட்டில் இல்லை. இவ்விடைவெளியை நிரப்பும் பணி நிரலாளரை மட்டும் சார்ந்ததன்று, தமிழ் இலக்கணப் புலமையையும் வேண்டிநிற்பது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: திறந்த மூலம், தரவுத்தளம், ஆவணமாக்கம், முழு உரைத் தேடல், அடிச்சொல், இடைச்சொல்.

முன்னுரை

1986இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத்திட்டமே, 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயரில் உலகெங்குமுள்ள பங்களிப்பாளர்களால் வளர்க்கப்பட்டுவருகிறது. வழக்கில் இது போஸ்ட்கிரெஸ் எனச் சுருக்கி வழங்கப்பெறும். மின்னூலகங்களும் தரவகங்களும் தமிழாய்வின் அடிப்படைக் கருவிகளாகிவரும் இக்காலத்தில், அவற்றின் அடியில் இயங்கும் தரவுத்தளம் தமிழை எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பது தமிழாய்வாளரும் அறியவேண்டிய செய்தியாகும்.

ஆவணமாக்க மரபு

போஸ்ட்கிரெஸின் கையேடு நிரலுக்குப் புறம்பான இணைப்பு நூலன்று. நிரல் வைக்கப்பட்டுள்ள அதே களஞ்சியத்தில், டாக்புக் என்னும் குறியீட்டு முறையில், கையேட்டின் மூலமும் வைக்கப்பட்டுள்ளது. பயன்படுத்துவோர் அறியவேண்டிய புதிய வசதியைச் சேர்க்க விரும்புவோர் அதற்குரிய விளக்கத்தையும் உடன் அளிக்கவேண்டும் என்பது இத்திட்டத்தின் நடைமுறை. நிரல் மாற்றத்தைப் போன்றே விளக்கத்தில் செய்யப்படும் திருத்தமும் பிறரால் ஆராயப்பட்ட பின்னரே ஏற்கப்படும். ஒரு சொற்றொடரைத் திருத்துவோரும் இம்முறையில் பங்களிப்பாளரே ஆவர்.

நிரலில் உள்ள தமிழ்

முழு உரைத் தேடல், 2008இல் வெளிவந்த 8.3ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸின் உள்ளமைப்பில் இணைந்தது. கையேட்டின் 12ஆம் அத்தியாயம் இதனை விளக்குகிறது. அடிச்சொல்லைப் பிரிக்கும் பணியை, மார்ட்டின் போர்ட்டர் உருவாக்கிய ஸ்நோபால் என்னும் தனித் திட்டத்தின் நெறிமுறைகள் செய்கின்றன. அவற்றுள் ஒன்று தமிழுக்குரியது.

அந்நெறிமுறையின் அமைப்பு இலக்கணம் கற்றோர்க்கு அயலானதன்று. அது வேற்றுமை உருபுகளையும், பன்மை விகுதியையும், காலங்காட்டும் ஈறுகளையும், 'உம்' இடைச்சொல்லையும் நீக்குகிறது. சுட்டெழுத்துக்களையும் வினா எழுத்தையும் சொல்லின் முதலிலிருந்து களைகிறது. வகரம் முன்வந்த வடிவங்கள் சிலவற்றை உயிர்முதற் சொற்களாக மாற்றுகிறது. இவ்விதிகளுள் வேற்றுமை உருபு பற்றியது, 'வேற்றுமை உருபுகள்' என்னும் தமிழ்த் தொடரையே லத்தீன் எழுத்தில் தன் பெயராகக் கொண்டுள்ளது.

இவ்விதிகள் எழுத்து வரிசையை மட்டுமே காண்பன, பொருளை அறியாதன. 'அக்காலம்' என்பதில் முதலிலுள்ள அகரம் சுட்டு. 'அக்கா' என்பதில் அது சொல்லின் உறுப்பு. இத்தகைய இணைகளைத் தொகுத்து, கருவி எவற்றைச் சரியாகப் பிரிக்கிறது, எவற்றைப் பிழையாகப் பிரிக்கிறது எனப் பதிவுசெய்வதே ஆவணமாக்கத்தின் முதற்பணியாகும்.

ஆவணத்தில் இல்லாதவை

முதலாவது, விலக்குச்சொற் பட்டியல். மிகுதியாக வருவதால் தேடலுக்குப் பயன்படாத சொற்களை ஒதுக்கும் பட்டியல் ஆங்கிலம், ஜெர்மன், நேபாளி முதலிய மொழிகளுக்குப் போஸ்ட்கிரெஸுடன் வருகிறது. தமிழுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. ஆகவே 'ஒரு', 'என்று', 'மற்றும்' ஆகியனவும் அட்டவணையில் இடம்பெறுகின்றன. மேலும், ஸ்நோபால் அகராதி முதலில் பட்டியலைப் பார்த்து, அதன் பின்னரே அடிச்சொல்லைப் பிரிக்கிறது. இதனால் பட்டியல் அமைப்போர் 'என்று', 'என்ற', 'என்னும்' என ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே சேர்க்கவேண்டும்.

இங்கு இலக்கணச் சிக்கலொன்றும் எழுகிறது. நாளிதழ்த் தரவகத்துக்கு ஏற்ற பட்டியல் சங்க இலக்கியத் தரவகத்துக்கு ஏலாது. தொல்காப்பிய இடையியல் பொருள் வரையறுத்துக் கூறும் 'மன்', 'தில்' போன்ற இடைச்சொற்களே ஓர் ஆய்வாளரின் தேடுபொருளாக இருக்கலாம். அவற்றை விலக்கினால் ஆய்வுக்குரிய தரவே மறைந்துவிடும்.

இரண்டாவது, உயிர்மெய்க் குறியீடுகள். யூனிகோடு வகைப்பாட்டில் 'ா', 'ி', 'ெ' முதலிய துணைக்குறிகள் எழுத்துக்களாக அன்றி இணைகுறிகளாகவே கொள்ளப்படுகின்றன. அவ்விடத்தில் சொல் முறிந்துவிடாதவாறு, இக்குறிகளைப் போஸ்ட்கிரெஸின் சொற்பகுப்பி தனியே பட்டியலிட்டு ஏற்கிறது. தமிழ்த் தேடலுக்கு அடிப்படையான இச்செய்தி நிரலினுள் எழுதப்பட்ட குறிப்பாகவே உள்ளது. நிரலைத் திறந்து பார்க்காத ஆய்வாளருக்கு அது எட்டுவதில்லை.

மூன்றாவது, எடுத்துக்காட்டுகள். 12ஆம் அத்தியாயத்தின் விளக்கங்கள் பெரும்பாலும் பூனை, எலி பற்றிய எளிய ஆங்கிலத் தொடர்களாலானவை. ஒட்டுநிலை மொழியில் ஒரே வேர் எத்தனை வடிவம் கொள்ளும் என்பதை அவற்றால் உணர்த்த இயலாது.

பங்களிப்பின் வழிகள்

அதிகாரமுறைக் கையேடு ஆங்கிலத்தில் அமைந்தது. அதன் அச்சுவடிவை உருவாக்கும் முறை லத்தீன்-1 தொகுதியிலுள்ள எழுத்துக்களையே ஏற்பதால், தமிழ் எடுத்துக்காட்டுகளைத் தமிழெழுத்தில் அங்குச் சேர்ப்பது எளிதன்று. எனவே பணியை மூன்றாகப் பகுக்கலாம். தமிழமைப்புக்கு விலக்குச்சொற் பட்டியல் இல்லை என்பது போன்ற சுருக்கமான உண்மைகளைக் கையேட்டின் ஸ்நோபால் பகுதிக்கு ஆங்கிலத்தில் முன்மொழியலாம். விதிகளில் காணும் பிழைகளைச் சான்றுச் சொற்களுடன் ஸ்நோபால் திட்டத்துக்கே அனுப்பவேண்டும். போஸ்ட்கிரெஸ் அங்கிருந்தே அவ்விதிகளைப் பெறுகிறது. விரிவான எடுத்துக்காட்டுகளைத் தமிழிலேயே தனி நூலாக்கலாம். கையேட்டுக்கு ஜப்பானிய, பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் அம்மொழிச் சமூகங்களால் தனியே பேணப்படுவது இதற்கு முன்மாதிரியாகும்.

இத்தமிழ்நூல் ஒவ்வொரு கூற்றும் எப்பதிப்புக்குரியது எனக் குறிக்கவேண்டும். கருவி தந்த விடையை உள்ளவாறே காட்டி, படிப்போர் தாமே இயக்கிச் சரிபார்க்க வழிசெய்யவேண்டும். ஒரு சொல்லை அளித்தால் அதன் பிரிந்த வடிவைத் திருப்பித் தரும் செயற்கூறு போஸ்ட்கிரெஸிலேயே இருப்பதால் இது கடினமன்று.

முன்பு கற்ற பாடமும் ஒன்றுண்டு. 8.3ஆம் பதிப்பின் சில கூறுகளில் தமிழ்ச் செய்தி மொழிபெயர்ப்புகள் இடம்பெற்றிருந்தன. பிந்தைய பதிப்புகளில் அவை தொடரவில்லை. நிரல் மாறுந்தோறும் புதுப்பிக்கப்படாத மொழிபெயர்ப்பு நிலைப்பதில்லை. ஆகவே ஆவணமாக்கத்தை ஒருமுறை முடித்துவைக்கும் பணியாகக் கருதாமல், தொடர்ந்து பேணும் பணியாகக் கொள்ளவேண்டும்.

முடிவுரை

போஸ்ட்கிரெஸின் நிரலுக்குள் தமிழ் இலக்கணத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே விதிகளாக எழுதப்பட்டுள்ளது. அவ்விதிகளின் எல்லையை அறியாமல் தேடுவோர், கருவி காட்டாத சான்றை இலக்கியத்திலேயே இல்லாத சான்றாகக் கொள்ள நேரும். 'இச்சொல் இந்நூலில் வரவில்லை' என்னும் ஆய்வு முடிபு பிழையாவதற்கு இதுவே போதுமானது. எந்தச் சொல்லை எக்கருவி எவ்வாறு பிரித்தது எனச் சோதித்துப் பதிவுசெய்தலை, பாடவேறுபாடு காணும் பதிப்புப் பணிக்கு நிகரான அடிப்படை ஆய்வாகத் தமிழ்த்துறைகள் ஏற்பது பொருத்தமாகும்.