நின்றால் ஏறும் சூடு

கேள்வி: என் பழைய மாருதி 800 ஓடும்போது நன்றாக இருக்கிறது. இரும்புச் சந்தைப் பக்கம் டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சூட்டு முள் ஏறுகிறது. இன்ஜினை மாற்ற வேண்டுமா?
- வாசகர், சாத்தாங்காடு

பதில்: வேண்டவே வேண்டாம். 796 சிசி, 3 சிலிண்டர் கொண்ட அந்த இன்ஜின் நல்ல உழைப்பாளி. ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நின்றுவிட்டால் மின்விசிறிதான் கதி. முள் ஏறியும் விசிறி சுற்றவில்லையென்றால் ஃபியூஸையும், விசிறியை ஓடவிடும் சுவிட்சையும் பாருங்கள். உங்கள் பகுதித் தூசி ரேடியேட்டர் இடுக்குகளில் அப்பியிருக்கும், கழுவச் சொல்லுங்கள். கூலன்ட் குறைந்துகொண்டே போனால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்தால் கேஸ்கட்டும் போகும், செலவு எங்கேயோ போய் நிற்கும். கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கைவைக்கவே கூடாது. டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.